தவணை நாள்

(ஊழியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



செவ்வாய்க்கிழமை காலை. ஊர்க்கோடியிலே வேப்பமரம், அதன் நிழலிலே விரித்த பாய். பாயிலே இருபது தாய்மார்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். கையிலே அட்டை; முந்தானையிலே முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் நூறும் ஐம்பதும் பத்துமாகக் கசங்கிய தாள்கள். மோட்டார் சைக்கிளிலே வந்திறங்குகிறார் ஓர் இளைஞர். பெயரை வாசிக்கிறார், பணத்தை எண்ணுகிறார், அட்டையிலே கையெழுத்திடுகிறார். அரைமணி நேரத்தில் வேலை முடிகிறது. வண்டி அடுத்த ஊருக்குப் பறக்கிறது. நகரத்திலே, குளிரூட்டிய அறையிலே, அந்தக் கணக்கு ஏட்டில் ஏறுகிறது: வசூல், நூற்றுக்கு 99!

இந்த 99 என்ற எண்ணைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அறிஞர் பெருமக்கள் இந்த எண்ணைக் காட்டி, "பாரீர்! ஏழை நாணயமானவள், வாங்கிய கடனைத் தவறாது கட்டுகிறாள்" என்று வியந்து போற்றுகின்றனர். அதே எண் ஓராண்டு சரிந்துவிட்டால், அதே பெருமக்கள், "பாரீர்! ஏழையை நம்பினோம், ஏமாற்றிவிட்டாள்" என்று கைபிசைகின்றனர். ஒரு தாய் ஜனவரியிலே உத்தமியாகவும் ஜூலையிலே ஏமாற்றுக்காரியாகவும் மாறிவிடுகிறாளா? மாறியது அவள் மனமா, அவளைச் சுற்றியிருந்த நிலைமையா? இதை நாம் அறிந்துகொள்ளாமல் மேடையேறினால், கேட்பவர்களுக்கு நன்மை செய்யமாட்டோம், தீமையும் செய்துவிடுவோம். தீமை செய்தவன் என்ற முறையிலேதான் இதைச் சொல்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கிராமத்தான் கடன்படுவது புதுமையன்று. 1951-52இல் இந்தியா முழுவதும் ஊரகக் கடன் நிலையை ஆராய்ந்த குழு, 1954இல் தன் அறிக்கையை வெளியிட்டது. உழவன் வாங்கிய கடனிலே கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது நூற்றுக்கு 3 பங்கு அளவுதான். வட்டிக்கடைக்காரர்களும் வட்டிக்கு விடும் பெருநிலக்காரர்களும் தந்தது ஏறத்தாழ 70 பங்கு! 1904இலேயே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துவிட்டது; ஐம்பதாண்டு உருண்டோடிய பின் கிடைத்த கணக்கு இது. காரணம் என்ன? சங்கம் ஈடு கேட்டது. நிலம் உடையவன் ஈடு காட்டினான். நிலமற்றவன், அதிலும் நிலமற்றவனின் மனைவி, எதைக் காட்டுவாள்?

அந்தக் கேள்விக்கு ஒரு விடை வங்கத்திலே கிடைத்தது. சிட்டகாங் நகரை அடுத்த ஜோப்ரா என்னும் சிற்றூரில், 1976இல், முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர், 42 பேருக்குத் தம் கையிலிருந்து 27 டாலர் மதிப்புள்ள தொகையைக் கடனாகத் தந்தார். ஈடு இல்லை, பத்திரம் இல்லை. பணம் திரும்பி வந்தது. அந்த முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாக உருக்கொண்டது. 2006இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஐந்து பேர் ஒரு குழு, ஒருத்தி தவறினால் மற்றவர்கள் பொறுப்பு, வாரந்தோறும் கூட்டம், வாரந்தோறும் தவணை. இதுதான் அச்சு. இந்த அச்சிலே வார்த்துத்தான் நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் எழுந்தன.

இங்கே ஒரு குழப்பத்தைக் களைந்துவிட வேண்டும். நம் தோழர்கள் பலர், வாரத் தவணை நிறுவனத்தின் குழுவையும் மகளிர் சுய உதவிக் குழுவையும் ஒன்றென்றே எண்ணிப் பேசுகின்றனர். இரண்டும் வேறு. தருமபுரியிலே 1989இல் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டமும், 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களைக் கொண்டு நடத்திய சோதனையும் சேமிப்பிலே தொடங்கியவை. முதலில் தங்கள் பணத்தைத் தாங்களே சேர்த்து, தங்களுக்குள்ளே கடன் கொடுத்துப் பழகி, அதன்பின் வங்கிக்குச் செல்வது அந்த முறை. பெட்டியிலே இருப்பது தன் காசு என்பதால் கணக்கு கேட்கும் துணிவு அங்கே பிறக்கிறது. வாரத் தவணை நிறுவனமோ கடனிலே தொடங்குகிறது. ஐந்து பெண்களைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிப் பணத்தைத் தருகிறது. அந்த ஐவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்களா, அன்று காலை வீட்டுக்கு ஓர் ஆளாய் அழைத்து உட்கார வைக்கப்பட்டவர்களா என்பதைப் பொறுத்தே அந்தக் குழுவின் எதிர்காலம் அமைகிறது.

சரி, தவணை எங்கிருந்து கட்டப்படுகிறது? தாளிலே எழுதியிருப்பது, "கறவை மாடு வாங்க." மாடு வாங்கினாள் என்றே வைத்துக்கொள்வோம். சினை மாடு, ஈன்று பால் கறக்க நாளாகும். தவணையோ அடுத்த வாரமே தொடங்கிவிடுகிறது! மாட்டுக்கு இது தெரியுமா? கடலை போட்டவளுக்கு மூன்றரை மாதம் கழித்துத்தான் காசு. நெல் போட்டவளுக்கு அறுவடையன்றுதான் காசு. ஆக, முதல் மூன்று மாதத் தவணையை மாடு கட்டவில்லை, கடலை கட்டவில்லை. அவளுடைய நூறுநாள் வேலைக் கூலி கட்டுகிறது, கணவன் திருப்பூரிலிருந்து அனுப்பும் பணம் கட்டுகிறது, சில வேளைகளில் வாங்கிய கடனிலேயே எடுத்து வைத்த பங்கு கட்டுகிறது. கடன் ஒரு தொழிலை வளர்த்து, அந்தத் தொழில் கடனை அடைக்கிறது என்ற அழகான சித்திரம், பல வீடுகளில் சித்திரமாகவே நின்றுவிடுகிறது. எந்த வீட்டிலே மாதம் முழுவதும் சிறுசிறு காசாவது வந்துகொண்டிருக்கிறதோ, அந்த வீடு கட்டுகிறது. ஆண்டுக்கு இருமுறை மட்டும் காசு பார்க்கும் வீடு திணறுகிறது.

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. கொல்கத்தாவிலே எரிக்கா பீல்டு, ரோகிணி பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள், சில குழுக்களுக்கு வாரத் தவணையும் சில குழுக்களுக்கு மாதத் தவணையும் விதித்துப் பார்த்தனர். மாதத் தவணைக்காரர்கள் கூடுதலாகத் தவறினார்களா? இல்லை! வேறோர் ஆய்விலே, முதல் தவணைக்கு இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாத அவகாசம் தந்து பார்த்தனர். அவகாசம் பெற்றவர்கள் தொழிலிலே கூடுதலாக முதல் போட்டனர்; சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய வருவாயும் கூடியிருந்தது. ஆனால், தோழர்களே, நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துச் சொல்லக் கூடாது. அவர்களிடையே கடன் தவறியவர்களும் கூடினர். துணிந்து முதல் போட்டால் சிலருக்குப் பெருகும், சிலருக்கு மூழ்கும். நிறுவனம் 99 என்ற எண்ணைக் காக்கத் துடிக்கிறது. அதனால் துணியாதே, பெட்டிக்கடையோடு நில் என்கிறது அந்த வாரத் தவணை. என் கருத்தில், அந்த இழப்பை நிறுவனம் தாங்கிக்கொள்வதே முறை. பெருமுதலாளிகளின் வாராக்கடனைத் தாங்கும் நாடு இதைத் தாங்காதா?

அடுத்து, கூட்டுப் பொறுப்பு. ஒருத்தி கட்டாவிட்டால் நால்வர் கட்ட வேண்டும் என்ற விதி. இதுதான் 99இன் இரகசியம் என்று நெடுங்காலம் நம்பினர். பிலிப்பைன்ஸ் நாட்டிலே ஒரு வங்கி, தன் குழுக்கள் சிலவற்றில் இந்த விதியை நீக்கிவிட்டு, கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டது. கினே, கார்லன் என்ற இருவர் அதைக் கணக்கெடுத்தனர். கடன் தவறுதல் கூடவில்லை! கிராமீன் வங்கியே 2001 முதல் கொண்டுவந்த புதிய ஏற்பாட்டில் அந்த விதியைக் கைவிட்டது. அப்படியானால் எதற்காகக் கட்டுகிறார்கள்? அடுத்த கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காக. பலர் நடுவே தலைகுனியக் கூடாது என்ற மானத்துக்காக. மானம் என்பது நம்மவர்க்கு உயிர்; அதைத்தான் ஈடாக எழுதி வாங்கியிருக்கிறார்கள், பத்திரம் இல்லாமல்!

அந்த ஈடு எப்படி வசூலிக்கப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். "பணம் வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று இருபது பேரையும் உட்கார வைப்பது. வராதவள் வீட்டு வாசலுக்கு மற்றவர்களையே அழைத்துச் செல்வது. பள்ளி விட்டு வரும் பிள்ளையின் முன் தாயைக் கேட்பது. அந்த இளைஞரையும் நான் முழுக்கக் குற்றம் சொல்லமாட்டேன். வசூல் குறைந்தால் அவர் ஊக்கத்தொகை போகும், வேலை போனாலும் போகும். அவரும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

நோய், கணவனின் குடி, சாவு, மழையின்மை: இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை, நீங்கள் தினமும் பார்ப்பவை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருத்திக்கு நோய் வந்தால் மற்ற நால்வர் தாங்கலாம். வறட்சி வந்தால் ஐவருக்கும் ஒரே நாளில் வருகிறது. யார் யாரைத் தாங்குவது?

வட்டிக் கணக்கைச் சற்றே பொறுமையாகக் கேளுங்கள். 10,000 ரூபாய் கடன். நூற்றுக்கு 12 வட்டி என்கிறார்கள். வட்டி 1,200, ஆக 11,200. ஐம்பது வாரத்தில் வாரம் 224 கட்ட வேண்டும். பன்னிரண்டுதானே, ஒரு ரூபாய் வட்டிதானே என்று எண்ணுகிறாள் அந்தத் தாய். ஆனால் 10,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் அவள் கையிலா இருந்தது? முதல் வாரமே குறையத் தொடங்கிவிட்டது. இருபத்தைந்தாவது வாரத்தில் பாதி அசல் திரும்பிப் போய்விட்டது. சராசரியாக அவள் கையிலிருந்தது ஐயாயிரத்துச் சொச்சம். அதற்கு வட்டி 1,200. உண்மை வட்டி ஏறத்தாழ 24! அதற்குமேல் ஆய்வுக் கட்டணம், காப்பீடு என்று முதலிலேயே பிடித்துக்கொண்டால் இன்னும் ஏறும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட நம் கிளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது.

இனி ஆந்திரத்துக்கு வருவோம். 2006லேயே கிருஷ்ணா மாவட்டத்தில் நெருப்பு புகைந்தது. கொடிய வசூல் பற்றிய புகார்கள் எழ, மாவட்ட நிர்வாகம் நுண்கடன் நிறுவனங்களின் கிளைகள் ஐம்பது அளவுக்கு மூடியது. புகை அடங்கியது, பாடம் படிக்கப்படவில்லை. நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருவிலே, ஒரே வீட்டிலே கடனைக் கொட்டின. திங்கட்கிழமை ஒரு நிறுவனம், செவ்வாய்க்கிழமை ஒரு நிறுவனம், புதன்கிழமை ஒரு நிறுவனம். திங்கள் தவணையைச் செவ்வாய்க் கடனில் அடை. செவ்வாய்த் தவணையைப் புதன் கடனில் அடை. ஏட்டிலே என்ன தெரியும்? எல்லாரிடமும் 99! 2010 ஆகஸ்டில் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கி 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. ஏழையின் முந்தானை முடிச்சு, மும்பைச் சந்தையிலே விலைபோன நாள் அது.

இரண்டே மாதம். தற்கொலைச் செய்திகள் அடுக்கடுக்காக வந்தன. அக்டோபர் நடுவில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது: நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், வீட்டு வாசலில் வசூல் கூடாது, வாரத் தவணை கூடாது, மாதத் தவணைதான், வட்டி அசலை மீறக் கூடாது. நல்ல விதிகளே. ஆனால் நடந்தது என்ன? வசூல் 99இலிருந்து நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்கு விழுந்தது. ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் நின்றுபோயிற்று.

இங்கேதான் நின்று சிந்திக்க வேண்டும். அதே ஊர், அதே தெரு, அதே தாய்மார்கள். செப்டம்பரில் கட்டியவர்கள், ஆண்டு முடிவதற்குள் ஏன் கட்டவில்லை? வாசலில் நின்ற நெருக்கடி விலகியது, உண்மை. "கட்ட வேண்டாம்" என்று தலைவர்கள் சிலர் பேசினர், அதுவும் உண்மை. ஆனால் மூலகாரணம் வேறு. வங்கிகள் அஞ்சி நிறுவனங்களுக்குப் பணம் தருவதை நிறுத்தின. நிறுவனங்களிடம் புதுக்கடன் தரப் பணமில்லை. புதன் கடன் வரவில்லை. செவ்வாய்த் தவணையை எதிலே கட்டுவது? அடுத்த கடன் வராது என்று தெரிந்தபின் முந்தின கடனை அடைக்க ஒருத்தி எதற்காகத் தாலியை அடகு வைக்க வேண்டும்? முதலிலிருந்தே அந்த 99இல் பெரும்பகுதி, கடனைக் கொண்டு கட்டிய கடன்தான் என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

இப்போது என் கதை. 2016 நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட நாட்களில், எங்கள் பகுதிச் சிற்றூர் ஒன்றில் கூட்டம் பேசப் போனேன். கூலி இல்லை, கூலி தந்தாலும் பழைய தாள். வசூல்காரர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தனர். தாய்மார்கள் அழுதனர். எனக்கு இரத்தம் கொதித்தது. "கட்டாதீர்கள்! ஒரு பைசா கட்டாதீர்கள்! எவன் வருகிறான் பார்ப்போம்!" என்று முழங்கினேன். கைதட்டல் வானைப் பிளந்தது. மாலை விழுந்தது. நான் அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து அதே ஊருக்கு ஒரு திருமணத்துக்குச் சென்றேன். பந்தியிலிருந்து எழுந்து கைகழுவப் போனவனை ஒரு மூதாட்டி நிறுத்தினார். "தலைவரே, நீங்க மேடைய விட்டு எறங்கிப் போயிட்டீங்க. எங்க தலையில ஏறின கடன் எறங்கலியே!" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விசாரித்தேன். கட்டாத பெண்களின் பெயர்கள் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டிலே ஏறிவிட்டன. பிறகு எந்த நிறுவனமும், வங்கியும், அவர்களுக்குக் கடன் தரவில்லை. ஒழுங்காகக் கட்டிய இரு பெண்களுக்கும், குழு கெட்டுவிட்டது என்று புதுக்கடன் மறுக்கப்பட்டது. மகள் பிரசவத்துக்குப் பணம் வேண்டிய அந்த மூதாட்டி, 24 வட்டியிலிருந்து தப்பி, வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து என்னும் மீட்டர் வட்டிக்காரனிடம் போய்ச் சேர்ந்திருந்தார். 2003லேயே அத்தகைய வட்டியைத் தடைசெய்யும் சட்டம் நம் மாநிலத்தில் உண்டு. சட்டம் இருந்த இடத்துக்கு அந்த அம்மையார் போகவில்லை. பணம் இருந்த இடத்துக்குப் போனார்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டியது, மூன்று மாத அவகாசம். நிறுவனத்தின் கிளையிலே போய் உட்கார்ந்து, எழுத்திலே கேட்டிருக்க வேண்டும். அது கைதட்டல் வாங்கித் தராது. ஆகவே எனக்குத் தோன்றவில்லை. கட்ட முடியாதவளுக்கும் கட்ட விரும்பாதவனுக்கும் வேறுபாடு உண்டு. ஒரே கடன் வாங்கியவளுக்கும் ஐந்து கடன் வாங்கியவளுக்கும் வேறுபாடு உண்டு. மேடையிலிருந்து பார்த்தால் அந்த வேறுபாடு தெரிவதில்லை. வீட்டுக்குள் போய் அட்டைகளை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சட்டங்கள் பிறகு வந்தன. ஆந்திர நிகழ்ச்சிக்குப் பின் மாலேகம் குழுவின் பரிந்துரையைத் தழுவி ரிசர்வ் வங்கி 2011இல் விதிகள் வகுத்தது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் வட்டிக்கு இருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டுவிட்டது. அது எனக்கு உடன்பாடில்லை. ஆண்டு வருவாய் மூன்று லட்சத்துக்குட்பட்ட குடும்பத்துக்குத் தரும் ஈடில்லாக் கடனே நுண்கடன் என்றும், குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான தவணை மாத வருவாயில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. மாதம் 25,000 வருமானமென்றால் 12,500 வரை தவணைக்கே போகலாமாம்! மீதியில் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடம், மருந்து. மேலும், அந்த வருவாயை எழுதுபவர் யார்? கடன் கொடுக்கத் துடிக்கும் நிறுவனத்தின் ஆள்தான். 2025இல் நம் சட்டமன்றமும் வன்முறை வசூலைக் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வரவேற்கிறேன். அந்தச் சட்டம் வாசலில் நிற்பவனைத் தடுக்கும். ஐந்தாவது கடனைத் தடுக்காது.

ஆயினும் அந்த 2022 விதிகளில் நமக்குக் கைகொடுக்கும் வரிகள் சில உண்டு. அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடனாளியை அழைத்துத் தொல்லைப்படுத்தக் கூடாது. வசூல், இருவரும் ஒப்பிய இடத்திலேதான். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இருமுறை வராமலிருந்தால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். ஆண்டு முழுமைக்குமான உண்மை வட்டியை, அவளுக்குத் தெரிந்த மொழியில் எழுதிய அட்டை தரப்பட வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது. அவள் முழுச் சம்மதமின்றிக் காப்பீடு போன்றவற்றைத் தலையில் கட்டக் கூடாது. இந்த ஐந்தையும் தமிழிலே ஒரு தாளில் எழுதி, அந்த வேப்பமரத்திலேயே ஒட்டலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு கிளைச் செயலாளரும் தம் தெருவிலே பத்து வீடுகளின் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் வேண்டாம்; வீட்டு மானம் வெளியே வர வேண்டாம். எத்தனை கடன், எந்தெந்தக் கிழமையில் தவணை, எந்தெந்த மாதத்தில் காசு வருகிறது, கடைசித் தவணை எதிலிருந்து கட்டப்பட்டது: இந்த நான்கு மட்டும். கடைசிக் கேள்விக்கு உடனே விடை சொல்லமாட்டார்கள். இரண்டாம் முறை போங்கள், முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள். அவர்களிடம் சொல்வார்கள்.